பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்ததால்தான் அரசுப் பேருந்துகள் நஷ்டத்தில் ஓடுகின்றனவா?

இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இந்தத் திட்டம் வந்தது, ஆனால் நஷ்டம் அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. கடைசியாகக் கட்டணம் ஏறியது 2018 ஜனவரியில். அப்போது 70 ரூபாய்க்குள் இருந்த லிட்டர் டீசல் இப்போது 90ஐத் தாண்டிவிட்டது, கட்டணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

கண்டக்டர் பெண்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அதில்தான் பதிவாகிறது. அந்தப் பயணங்களுக்கான பணத்தை அரசு மானியமாகப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது.

அப்புறம், மதியம் 2 மணிக்குப் பாதி காலியாக ஓடும் பேருந்தில் இன்னும் பத்து பேர் ஏறினால் கூடுதல் செலவு என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, டிரைவர் சம்பளமும் டீசலும் எப்படியும் ஆகும் செலவுதான். காலை 8 மணிக்குப் படிக்கட்டில் தொங்கும்போதுதான் நிஜச் செலவு வருகிறது, ஏனென்றால் அங்கே இன்னொரு வண்டி விட்டாக வேண்டும். கூட்டத்துக்கேற்ப வண்டிகளைக் கூட்டினால் எல்லோருக்கும் காத்திருக்கும் நேரம் குறையும், கூட்டாமல் விட்டால் வசதி உள்ளவர்கள் இருசக்கர வாகனத்துக்குப் போய்விடுவார்கள், சாலை இன்னும் நெரிசலாகி அதே பேருந்து மேலும் தாமதமாகும். அதனால் என் பார்வையில் சண்டை போட வேண்டியது இலவசத்தோடு அல்ல, மானியம் நேரத்துக்கு வருகிறதா, புது வண்டி வாங்கினார்களா என்பதில்தான்.