டிராகன் பால் இசட் முடித்தாயிற்று, ஜிடியைப் பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: ஜப்பானிய அனிமேத் தொடர்களான முதல் டிராகன் பாலையும் டிராகன் பால் இசட்டையும் பார்த்து முடித்துவிட்டேன். அடுத்து வந்த ஜிடியைப் பாதிப் பேர் திட்டித் தீர்க்கிறார்கள், மீதிப் பேர் அதில் நாயகன் கோக்கு எடுக்கும் சூப்பர் சையன் 4 வடிவத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். பார்க்கலாமா, விட்டுவிடலாமா? பார்ப்பதென்றால் எந்த வரிசையில்?

பாருங்கள். ஆனால் இசட் விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் ஓடும் என்று நினைத்து உட்கார்ந்தால் பத்து எபிசோடுக்குள் வெறுத்துவிடும். இது வேறு மாதிரித் தொடர். எங்கே பொறுமை வேண்டும், எங்கே கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால் கடைசியில் கிடைப்பது பெரியது.

முதலில் பின்னணி. இசட்டின் 291ஆவது, அதாவது கடைசி எபிசோடு 1996 ஜனவரி 31 அன்று ஃபூஜி டிவியில் வந்தது. அடுத்த வாரமே, பிப்ரவரி 7 அன்று, ஜிடி தொடங்கிவிட்டது. 1997 நவம்பர் 19 வரை மொத்தம் 64 எபிசோடு. மூலக் கதாசிரியர் அகிரா டோரியாமாவின் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1995-லேயே முடிந்துவிட்டதால், கதையை டோயெய் அனிமேஷன் ஆட்களே சொந்தமாக எழுதினார்கள். டோரியாமா பெயர் வைத்தார், லோகோ வரைந்தார், கோக்கு, அவன் பேத்தி பான், அவன் போட்டியாளன் வெஜிட்டாவின் மகன் டிரங்க்ஸ், குட்டி ரோபோ கிரு ஆகியோரின் தொடக்க உருவங்களையும் விண்கலத்தையும் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிற்பாடு ஜிடியை மூலக் கதையின் பிரம்மாண்டமான கிளைக்கதை என்று அவரே குறிப்பிட்டார். ஜிடி என்பது 'கிராண்ட் டூரிங்', ஒரு நெடும்பயணம். முதல் பாதிக்கு இந்தப் பெயர் அப்படியே பொருந்தும்.

டோரியாமா எழுதவில்லை, அதனால்தான் கெட்டுப்போனது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோக்கு மறுபடி சின்னப் பையன் ஆவதுதான் பிரச்சினை என்பார்கள், அதுவும் இல்லை. டோரியாமா நேரடியாக ஈடுபட்டு, அவர் மறைவுக்குப் பிறகு 2024 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய டைமா தொடரிலும் கோக்கு குட்டிப் பையனாகத்தான் வருகிறான். ஜிடியின் உண்மையான கோளாறு வேறு. கோக்குவைத் தவிர மற்ற எல்லோரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

உப் என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இசட் முடியும்போது கோக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உப்போடு பயிற்சிக்குப் போகிறான். அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்று சொல்லித்தான் அந்தத் தொடர் முடிகிறது. ஜிடி முதல் எபிசோடில் ஐந்து வருடம் கழித்து அந்தப் பயிற்சி முடிகிறது, உப் வீட்டுக்குப் போய்விடுகிறான். பிறகு பேபி என்ற எதிரி வரும் கட்டத்தில் திரும்பி வந்து, இசட்டில் வந்த பூ என்ற பாத்திரத்தோடு இணைகிறான், சாக்லேட்டாக மாறி விழுங்கப்படுகிறான். எதிரியின் வயிற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் உதவுகிறான். இசட் பத்து நிமிடத்தில் விதைத்ததை ஜிடி 64 எபிசோடிலும் வளர்க்கவில்லை. இசட்டில் செல் என்ற வில்லனைக் கொன்ற கோக்குவின் மூத்த மகன் கோஹான், வருங்கால டிரங்க்ஸின் நினைவோடு நாம் பார்க்கும் இந்த டிரங்க்ஸ், கோக்குவின் இளைய மகன் கோட்டன், எல்லோரும் அடி வாங்கி விழுவதற்கும் "கோக்கு!" என்று கத்துவதற்கும்தான். வெஜிட்டாவுக்குக்கூட சூப்பர் சையன் 4 ஆகிப் பெரிதாகச் சண்டை போட 50 எபிசோடுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் பெரும்பாலும் அவன் உடம்பில் பேபிதான் இருக்கிறான்.

இது ஏன் நடந்தது என்பதும் தொடரிலேயே தெரிகிறது. முதல் டிராகன் பாலின் ஊர் சுற்றும் கலகலப்பைத் திரும்பக் கொண்டுவரத்தான் ஜிடியைத் தொடங்கினார்கள். டிராகன் பால்கள் என்பவை ஏழையும் சேர்த்தால் ஆசையை நிறைவேற்றும் உருண்டைகள். பிக்கொலோவும் பூமியின் காவல் தெய்வம் காமியும் ஒரே ஆளாக இருந்த காலத்தில் செய்து ஒளித்து வைத்த கறுப்பு நட்சத்திர டிராகன் பால்கள், முதல் தொடரின் வில்லன் பிலாஃபின் கும்பலிடம் சிக்குகின்றன. பிலாஃப் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால் கோக்கு குழந்தையாகிறான். அந்தப் பால்கள் பிரபஞ்சம் முழுக்கச் சிதறுகின்றன. ஒரு வருடத்துக்குள் சேர்க்காவிட்டால் ஆசை கேட்ட கிரகமே வெடித்துவிடும். அதனால் விண்கலப் பயணம். கோட்டன் போக வேண்டிய இடத்தில் பான் திருட்டுத்தனமாக ஏறிக் கிளப்பிவிடுகிறாள். எல்லாவற்றுக்கும் வாடகை பிடுங்கும் டான் கீயின் கிரகம், ராட்சதர்கள் கிரகம், டிரங்க்ஸ் கல்யாணப் பெண் வேடம் போடும் கிரகம் என்று வாரம் ஒரு கிரகம். ஆனால் ரசிகர்கள் இசட் பாணிச் சண்டைக்குப் பழகிப்போயிருந்தார்கள். 20 எபிசோடு தாண்டியதும் தொடர் திசை மாறுகிறது. மூன்று பேர் பயணத்துக்காகப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் உலகத்தைக் காக்கும் சண்டைக் கதையைக் கட்டினார்கள். அதில் மற்றவர்களுக்கு இடமே ஒதுக்கவில்லை. அஸ்திவாரம் ஒன்று, கட்டிடம் வேறு.

இனி எபிசோடு வாரியாக. பாட்டுகளைத் தள்ளினால் ஒரு எபிசோடு சுமார் 20 நிமிடம், மொத்தம் 21, 22 மணி நேரம்தான். இசட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

1 முதல் 21 வரை பயணக் கட்டம். இதை அடியோடு தவிர்க்காதீர்கள். அமெரிக்காவில் 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போட்டபோது முதல் 16 எபிசோடை வெட்டிவிட்டு, ஒரு சுருக்க எபிசோடு மட்டும் காட்டி 17-லிருந்து ஆரம்பித்தார்கள். வெட்டியவற்றைத் தொடர் முடிந்த பிறகுதான் காட்டினார்கள். சீக்கிரம் சண்டைக்குப் போக வேண்டும் என்ற அவசரம். அதனால் கெட்டது 35ஆவது எபிசோடு. தாத்தாவும் பேத்தியும் சண்டை போட்டுக்கொண்டே ஊர் சுற்றியதைப் பார்க்காதவருக்கு அந்தக் காட்சியில் பான் யாரோ ஒரு அழும் சிறுமி. ஆகவே 1, 2, 3 கட்டாயம். 4 முதல் 16 வரை நேரமில்லாவிட்டால் சாப்பிடும்போது ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். 17-லிருந்து இயந்திரக் கிரகம் வருகிறது, கிரு யார் பக்கம் என்ற கேள்வி எழுகிறது, வேகம் கூடுகிறது.

22, 23-லிருந்து 40 வரை பேபி. இது நல்ல எதிரி. கோக்கு, வெஜிட்டா பிறந்த சையன் இனம் அழித்த டஃபிள் இனத்தின் பழியைச் சுமந்து வரும் ஒட்டுண்ணி. காயம் வழியாக உடம்புக்குள் புகுந்து கோட்டன், கோஹான், வெஜிட்டா என்று ஒவ்வொருவராகப் பிடிக்கிறது. வெஜிட்டா பெருமையாகப் பேசிய சையன் வம்சத்தின் பாவம் அவன் உடம்பிலேயே ஏறி உட்காருகிறது. இசட் தொடாமல் விட்ட இடம் இது.

33 முதல் 35 வரை கவனித்துப் பாருங்கள். மூத்த காய் என்ற முதிய கடவுள் கோக்குவின் வாலை இடுக்கி வைத்துப் பிடுங்கி வெளியே இழுக்கிறார். டஃபிள் கிரகத்தின் வானத்தில் முழு நிலவு போலத் தெரிவது நம் பூமி. அதைப் பார்த்ததும் கோக்கு பொன்னிறப் பெருங்குரங்காகிறான், நிதானம் இழந்து எல்லாவற்றையும் நசுக்குகிறான். பான் அதன் முன்னால் போய் நின்று அழுகிறாள். அந்தக் கண்ணீரில் தன்னை உணர்ந்த பிறகே சூப்பர் சையன் 4 வருகிறது. பொன்னிற முடி போய் நீளமான கறுப்பு முடி, உடம்பெல்லாம் சிவந்த ரோமம், கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கோடு, திரும்பி வந்த வால். இதை வடிவமைத்தவர் தொடரின் பாத்திர வடிவமைப்பாளர் கட்சுயோஷி நகாட்சுரு. முடி நிறத்தை மட்டும் மாற்றி 'அடுத்த கட்டம்' என்று சொல்லாமல், சையன் என்றால் குரங்கு என்ற ஆரம்ப கால உண்மைக்குத் திரும்பிப் போனார். கோபத்தால் வந்த பழைய வடிவங்களுக்கு மாறாக இது கோபத்தை அடக்குவதால் வருகிறது. அதனால்தான் தொடரை வெறுப்பவர்கள்கூட இந்த வடிவத்தை மதிக்கிறார்கள்.

40-ல் பிக்கொலோவின் முடிவைத் தவறவிடாதீர்கள். தான் சாவது ஏன் அவசியம் என்று அவர் விளக்கும் காரணம், டிராகன் பால் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றி எழுதியது.

அடுத்த ஏழு எபிசோடு, 47 வரை, சூப்பர் 17 என்ற எதிரி. இங்கே தாராளமாக வேகமாக ஓட்டுங்கள். நரகக் கதவு திறக்கிறது, பழைய வில்லன்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள் என்றால் எவ்வளவு செய்திருக்கலாம்! செல்லையும் ஃபிரீசாவையும் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக்கி அனுப்பிவிட்டார்கள். தாக்குதல் சக்தியையெல்லாம் உறிஞ்சும் எதிரி, உறிஞ்சும்போது அசைய முடியாது என்பது மட்டும் அவன் பலவீனம். அதைக் கண்டுபிடிப்பதோடு கதை முடிகிறது. கோக்குவின் நண்பன் கிரில்லினுக்கு நடப்பதும் அதற்கு அவன் மனைவி ஆண்ட்ராய்டு 18 எதிர்வினை செய்வதும் மட்டும் மனதில் நிற்கும். தொடரிலேயே மிகவும் பலவீனமான பகுதி இது.

48 முதல் 64 வரை. இதற்காகத்தான் ஜிடியையே பார்க்கச் சொல்கிறேன். டிராகன் பால்களில் விரிசல் விழுகிறது, உள்ளிருந்து தீய டிராகன்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு ஆசைக்கும் எதிர்மறை சக்தி சேரும், அது கரைய நூறு வருடம் வேண்டும், நீங்கள் இடைவெளியே விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று மூத்த காய் சொல்கிறார். ஆறு நட்சத்திர டிராகன் பிறந்தது முதல் தொடரில் ஊலாங் கேட்ட உள்ளாடை ஆசையிலிருந்து. நான்கு நட்சத்திர டிராகன், பிக்கொலோ பேரரசன் இளமை கேட்டதிலிருந்து. சரி, அவை கெட்ட ஆசை, சில்லறை ஆசை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நட்சத்திர டிராகன்? உபாவின் அப்பா போராவை உயிர்ப்பித்த ஆசை அது, அந்த முதல் தொடரிலேயே மிக நல்ல ஆசை. அதிலிருந்து வந்ததுதான் நீரையும் நிலத்தையும் நஞ்சாக்கும் டிராகன். செத்தால் என்ன, டிராகன் பால் இருக்கிறதே என்று பத்து வருடம் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டதற்கு ஜிடி கணக்குக் கேட்கிறது. பிற்பாடு வந்த டிராகன் பால் சூப்பரும் சரி, டைமாவும் சரி, இவ்வளவு பெரிய கேள்வியைத் தொடவில்லை.

யோசனை பெரிது, செய்த விதம் ஏற்ற இறக்கம். முதல் நான்கு டிராகன்கள் வாரம் ஒரு வில்லன் கணக்கில் போகின்றன. மின்சாரத்தில் ஊதிப் பெருத்த ஐந்து நட்சத்திர டிராகன் மழை பெய்ததால் தோற்பது எழுத்தாளர்களின் சோம்பல். நான்கு நட்சத்திர டிராகனிலிருந்து தரம் ஏறுகிறது. 60-ஐ ஒட்டி வரும், கோக்குவும் வெஜிட்டாவும் ஒன்றாக இணைந்த சூப்பர் சையன் 4 கோஜீட்டா கட்டம் ரொம்பச் சின்னது, எதிரியைக் கிண்டலடித்தே நேரத்தை வீணாக்குகிறான் என்று குறை சொல்வார்கள். ஆனால் வெல்ல முடிகிறபோது முடிக்காமல் விளையாடுவது வெஜிட்டாவுக்கு இசட்டிலிருந்தே உள்ள குணம். செல் முழு வடிவம் அடைய விட்டவன் அவன்தான்.

64ஆவது எபிசோடை அரைகுறையாகப் பார்க்காதீர்கள். யாரும் அழைக்காமலே, ஆசை நிறைவேற்றும் டிராகன் ஷென்ரான் வருகிறது. கோக்கு காமே வீட்டில் கிரில்லினோடு கொஞ்ச நேரம் பயிற்சிச் சண்டை போடுகிறான், நரகத்தில் பிக்கொலோவிடம் கை நீட்டுகிறான், யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்வதில்லை. முதலில் புரிந்துகொள்பவன் வெஜிட்டா என்பது மிகச் சரியான தேர்வு. 64 எபிசோடுக்கும் ஒரே தொடக்கப் பாட்டுதான், ஃபீல்ட் ஆஃப் வியூ பாடிய 'டான் டான் கொகோரோ ஹிகாரெதெகு'. அது இங்கே பழைய காட்சிகளோடு திரும்ப ஒலிக்கும்போது முதல் தொடரின் வால் முளைத்த பையன் வரை வந்து போகிறான். முடிவுப் பாடல் என்று தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. ஜப்பானிய ஒலியில் பாருங்கள். அங்கே அகிஹிதோ டொகுனாகாவின் மென்மையான இசை இருக்கிறது. பழைய ஆங்கில ஒளிபரப்பில் அதை எடுத்துவிட்டு மார்க் மென்சாவின் கனமான இசையைப் போட்டதால் பயணக் கட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. ஜப்பானியத்தில் சின்னக் கோக்குவுக்கும் சூப்பர் சையன் 4-க்கும் மசாகோ நோசாவாதான் குரல், அதனால் ஒரே ஆள் என்ற உணர்வு அறுபடாது.

சூப்பரை ஏற்கெனவே பார்த்திருந்தால் இரண்டையும் ஒட்டப் பார்க்காதீர்கள், ஒட்டாது. சூப்பர் 2015-ல் தொடங்கியது, கதைக்காலம் பூ சண்டைக்கும் இசட்டின் கடைசி எபிசோடுக்கும் இடையில். கடவுள் வடிவங்களைப் பற்றி 1996-ல் எழுதியவர்களுக்கு எப்படித் தெரியும்? சூப்பரில் பிலாஃப் கும்பல் குழந்தைகள், ஜிடியில் கிழடுகள். சூப்பரில் ஃபிரீசா உயிரோடு திரிகிறான், ஜிடியில் நரகத்தில் இருக்கிறான். சூப்பர் சையன் 4 என்ற பெயரையே டைமா வேறு வழியில் கொண்டுவருகிறது. இசட் முடிவிலிருந்து பிரியும் தனிக் கிளை என்று வைத்துக்கொண்டால் எந்த இடிப்பும் இல்லை.

கோக்கு ஜூனியர் வரும் டிவி ஸ்பெஷலை 64-க்குப் பிறகு போடுங்கள். அது 1997 மார்ச்சில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஆனால் கதை நூறு வருடம் கழித்து நடக்கிறது, பான் அதில் பாட்டி. சில பட்டியல்களில் ஒளிபரப்புத் தேதிப்படி 41-ஐ ஒட்டிச் செருகியிருப்பார்கள். அந்த இடத்தில் பார்த்தால் கோக்கு இல்லாத உலகம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.