தண்ணீர் கேட்பதும் ஆசையா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. மாடியில் தனி அறை, கட்டில், டிவி எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம். அவருடைய குடும்ப ஓய்வூதியக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அப்படியும் ஃபேனில் காற்று வரவில்லை, குழம்பில் காரமில்லை, யாரும் மேலே வருவதில்லை என்று தினம் ஒரு குறை. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றார் புத்தர். வயதானவர்களுக்கு இதைப் புரியவைத்தால் கடைசிக் காலம் நிம்மதியாகப் போகும் அல்லவா? அம்மா படிக்க நல்ல பௌத்த நூல் ஒன்று சொல்லுங்கள்.
– காட்பாடி வாசகர்

பதில்: நூல் இருக்கிறது. ஆனால் படிக்க வேண்டியவர் அம்மா இல்லை.

80 வயதில், வயிற்றுக்கடுப்போடு குசிநகரத்துக்கு நடந்துபோகிறார் புத்தர். வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்கிறார் சீடர் ஆனந்தரிடம். இப்போதுதான் 500 வண்டிகள் ஓடையைக் கலக்கிவிட்டுப் போயின, கொஞ்ச தூரத்தில் நல்ல ஆறு இருக்கிறது என்று ஆனந்தர் தட்டிக்கழிக்கிறார். இரண்டாம் தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் பாத்திரத்தை எடுக்கிறார். ஆசையை வென்றவர் என்று பெயர் பெற்றவரே மூன்று தடவை கேட்டிருக்கிறார் ஐயா. ஆசை என்று நாம் சொல்வதற்குப் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘தண்ஹா’ என்று பெயர். எவ்வளவு கிடைத்தாலும் அடங்காத வேட்கை அது. அம்மா கேட்பது காற்று, காரம், பேச்சுத்துணை.

காற்று என்றதும் அந்த மாடி அறை நினைவுக்கு வருகிறது. நம் வேலூரை வெயிலூர் என்று நாமே கேலி செய்கிறோம். மே மாதம் இங்கே ராத்திரி பதினோரு மணிக்கும் மாடிச் சுவரில் கை வைக்க முடியாது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே இறக்கும். ஒருநாள் நீங்கள் அங்கே பாய் போட்டுப் படுத்துப் பாருங்களேன்.

அடுத்தது அந்தக் கார்டு. பௌத்தரின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலத்தில் இரண்டாவதைத் திருடாமை என்று சுருக்கிவிடுகிறோம். மூலத்தில் இருப்பது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை. கார்டை அம்மாவாக உங்களிடம் கொடுத்தாரா, நீங்களாக வைத்துக்கொண்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஒரு பைசாகூட நீங்கள் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பேத்தி மேலே வந்தால் கையில் வைத்து அழுத்த ஒரு ஐம்பது ரூபாய்க்கும் அவர் உங்களிடம்தானே கேட்க வேண்டும்?

தாயை ஒரு தோளிலும் தந்தையை மறுதோளிலும் நூறு வருடம் சுமந்தாலும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் கடன் தீராது என்கிறது புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம். பலரும் அதோடு நிறுத்திக் கண்கலங்குவார்கள். தொடர்ந்து படித்தால், நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு ஆகியவற்றில் பெற்றோரை நிலைநிறுத்துகிறவனே கடனை அடைத்தவன் என்று வரும். “அப்படியென்றால் நான் போதிக்கலாம்தானே” என்பீர்கள். சரி, ஈகையிலிருந்தே தொடங்குங்கள். கையில் காசில்லாதவர் எதைக் கொடுப்பார்? முதல் பாடமாகக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பிள்ளைகள் கவனிக்காத பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் அம்மா அந்தப் படி ஏறாமல் உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் படிக்க வேண்டியது தீக நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் உள்ள சிகாலோவாத சுத்தம் (சூத்திரம்). துறவிக்கு இல்லை, குடும்பஸ்தனுக்குச் சொன்னது. திசைகளைக் கும்பிடும் இளைஞனிடம், கிழக்கு என்பது உன் பெற்றோர் என்கிறார் புத்தர். சின்ன நூல்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் கீழே ஓர் அறையை ஒழியுங்கள். குழம்பில் காரமில்லை என்றாரே, இலவம்பாடி முள்ளுக்கத்தரி அரைக் கிலோ வாங்கி, எப்படி வைப்பது என்று அவரிடமே கேளுங்கள். நறுக்குவது உங்கள் வேலை. காம்பில் முள் இருக்கும், பார்த்து.