காற்றாலை முதலாளி கட்சிக்காரராகவும் இருந்தால்?

"புதுப்பிக்கத்தக்க மின்சார நிறுவனத்தை நடத்துகிறவர் கட்சி அரசியலிலும் இருந்தால் யாருக்கு லாபம், அவருக்கா கட்சிக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்றாலைத் தொழிலில் அனுமதிக் கோப்புகளோடு எட்டு ஆண்டுகள் அலைந்தவன் நான். கட்சிக்காரரை நிறுவனங்கள் வேலைக்கு எடுப்பது அவருடைய கட்சிக் கொடிக்காக என்று வெளியில் நினைக்கிறார்கள். ஒரு கோப்பு எந்த மேசையில் எதற்காகத் தூங்கும் என்று அவருக்குத் தெரியும், சம்பளம் அதற்குத்தான்.

ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஃபாரன்ஹோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் கெல்சன்கிர்ஷன் என்ற நிலக்கரி நகரத்தில் பிறந்தவர், வேதியியலில் முனைவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். வேதியியல் ஆலைகளின் ஆபத்தைப் பற்றி 1978-ல் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கினார். 1991 முதல் 1997 வரை ஹாம்பர்க் மாநிலத்தின் சுற்றுச்சூழல் அமைச்சர். அடுத்த ஆண்டே ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஜெர்மன் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிரென்ட் ஸ்பார் என்ற பழைய எண்ணெய்ச் சேமிப்பு மிதவையைக் கடலில் மூழ்கடிக்கப் போய், 1995-ல் ஜெர்மானிய வாடிக்கையாளர்களின் புறக்கணிப்பில் மாட்டிக்கொண்ட நிறுவனம் அது. எதிர்ப்பவர்களின் பாஷை தெரிந்த ஒருவர் அதற்குத் தேவைப்பட்டிருக்கும்.

2001-ல் ரீபவர் என்ற காற்றாலை நிறுவனத்தின் தலைவரானார். அதே ஆண்டில் பிரதமர் ஷ்ரோடர் அமைத்த நீடித்த வளர்ச்சிக் குழுவிலும் உறுப்பினர். ஷ்ரோடரும் அவருடைய கட்சிதான். ஆக, உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

கட்சி அவருக்கு என்ன கொடுத்தது? சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து 2000-ல் கொண்டுவந்த சட்டம், காற்று மின்சாரத்தை மின்தொகுப்பு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், நிர்ணயித்த விலையை 20 ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. சோப்பு விற்பவனுக்குச் சந்தை கடைத்தெருவில் இருக்கிறது. காற்றாலை விற்றவர்களுக்கு அன்று சந்தை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. எனர்கான் என்ற இன்னொரு ஜெர்மன் காற்றாலை நிறுவனம் அதே சட்டத்தின் நிழலில் ரீபவரைவிடப் பெரிதாக வளர்ந்தது. டென்மார்க் நிறுவனங்களும் விற்றன. 2004-ல் புருன்ஸ்பியூட்டலில் 126 மீட்டர் சுழல்விட்டத்துடன், அன்றைக்கு உலகிலேயே பெரியதான 5 மெகாவாட் காற்றாலையை ரீபவர் நிறுத்தியதே, அதைக் கட்சி அலுவலகத்தில் செய்ய முடியாது.

2007-ல் ரீபவரைக் கைப்பற்ற பிரான்சின் அணுமின் நிறுவனமான அரேவாவும் நம்முடைய காற்றாலை நிறுவனமான சுஸ்லானும் ஏலம் போட்டு மோதின. சுஸ்லான் வென்றது. ஃபாரன்ஹோல்ட் 2008-ல் நிலக்கரி மின்சாரத்தில் பெருத்த ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்தின் புதுப்பிக்கத்தக்க பிரிவுக்குத் தலைவராகப் போனார். மறு ஆண்டே அந்தப் பிரிவு ரீபவரிடமிருந்து 250 கடல் காற்றாலைகள் வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. சட்ட விரோதமாக எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கடல் காற்றாலை செய்கிறவர்களே அன்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். இருந்தாலும் விற்கும் மேசையிலிருந்து எழுந்து வாங்கும் மேசையில் உட்காரும் இந்த நகர்வுதான் என்னை உறுத்துகிறது. பதவி விட்ட அமைச்சர்கள் நிறுவன வேலைக்குப் போகுமுன் காத்திருப்புக் காலம் வேண்டும் என்று ஜெர்மனியே 2015-ல் மத்திய அளவில் சட்டம் போட்டது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தாவுவதை அது தொடுவதில்லை.

பிறகு நடந்தது வினோதம். ஆர்.டபிள்யூ.இ. பதவியில் இருந்தபோதே, 2012 தொடக்கத்தில், புவியியலாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம், வெப்பமயமாதலில் சூரியனுக்குப் பெரும் பங்கு உண்டு, வரும் பத்தாண்டுகளில் உலகம் சற்றுக் குளிரும் என்று வாதிட்டது. அறிவியலாளர்கள் பலரும் மறுத்தார்கள். 2015 முதல் வந்த ஆண்டுகளே பதிவுகளில் மிக வெப்பமானவை என்பதால் எனக்கும் அதில் ஒப்புதல் இல்லை. காற்றாலை விற்றவர், வனவிலங்கு அறக்கட்டளை ஒன்றின் தலைவராகி, காடுகளில் காற்றாலை கூடாது என்று பேசினார். பருவநிலை பற்றிய அவருடைய கருத்துகள் காரணமாக 2019-ல் அந்தப் பொறுப்பும் போனது.

கட்சிக்கு லாபமா என்றும் கேட்டீர்கள். வாக்குக் கணக்கில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நிலையான விலைக்குப் பதில், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏல முறையைக் கொண்டுவந்த 2017 சட்டத் திருத்தத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் சிக்மார் காப்ரியேல், அதே சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஏலம் வந்ததும் ஜெர்மனியின் நிலக் காற்றாலைச் சந்தை சுருங்கியது. சென்வியான் என்று பெயர் மாறி, சுஸ்லானின் கையைவிட்டும் போயிருந்த ரீபவர் 2019 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது.