யாரும் வராமலே அலறும் அலாரம்

கே: காம்பவுண்டு சுவரில் மோஷன் சென்சார் மாட்டினோம். காலையில் சும்மா இருக்கிறது. வெயில் ஏறி காற்று கிளம்பியதும் ஓயாமல் அடிக்கிறது. எதிரே நாலு வாழை நிற்கிறது. வெட்டிவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

ப: வாழையை ஏன் வெட்ட வேண்டும்? சென்சாரைத் திருப்புங்கள். வீடுகளில் மாட்டும் பிஐஆர் சென்சார் தன் எதிரே சூடு இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. வெயிலில் கொதிக்கும் சுவருக்கு முன்னால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வாழை இலை ஆடினால், அதன் கணக்கில் ஆள் நடமாடுகிறது. ஏழெட்டு அடி உயரத்தில், சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். வாழைப் பக்கம் படும் லென்ஸ் பகுதியை, பெட்டியோடு வந்த மறைப்பு ஸ்டிக்கரால் மூடுங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். இன்னொன்று: நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை இது சீக்கிரம் பிடிக்கும். அதனால் கேட்டை நேரே பார்க்கும்படி வைக்காமல், நடைபாதையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். அப்புறம் வீட்டில் ஒருவரை நடக்கவிட்டு, சென்சார் விளக்கு எங்கே எரிகிறது என்று பாருங்கள்.

கே: எங்களுடையது ராத்திரியில் மட்டும் அடிக்கிறது. (புளியரை)

ப: லென்ஸில் சிலந்திக்கூடு இருக்கும், துடையுங்கள். பக்கத்தில் டியூப்லைட் இருந்தால் தள்ளி மாட்டுங்கள்.

கே: நாய்க்கு அடிக்காது என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் நாய் திண்ணையில் ஏறினாலே அடிக்கிறது. ஏமாற்றுதானே? (கம்பம்)

ப: இல்லை. சொன்ன உயரத்தில் மாட்டி, நாய் தரையில் நடக்கும்வரைதான் அந்த வாக்கு செல்லும். திண்ணை, படி, சுவர் என்று ஏறினால் சென்சாருக்கு அது பெரிய உருவம். உள்ளே மடித்து வைத்த தாளில் இதெல்லாம் இருக்கும். நாலாயிரம் ரூபாய் பொருளுக்கு அதைப் படிக்கக்கூட மனமில்லை என்றால் நான் என்ன சொல்ல?

கே: தனியாக இருக்கிறேன். வெளியே மாட்டத்தான் என்று சொல்லி புனலூர்க் கடையில் ஒரு சென்சார் கொடுத்தார்கள். சாரல் ஆரம்பித்ததும் உள்ளே தண்ணீர் புகுந்து ராப்பகலாக அலறுகிறது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (செங்கோட்டை)

ப: அம்மா, உங்கள் மேல் தவறே இல்லை. என் வாசலுக்கு வாங்கிய சென்சார் விளக்கும் இப்படித்தான் போனது. "உட்புற உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரியின் மேல் விலை ஸ்டிக்கரை ஒட்டி விற்றிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். கல்லாவுக்கு மேல் எந்தப் பலகை தொங்கினாலும் இந்தச் சட்டம் மாறாது. பில் கேட்டால் "ஜிஎஸ்டி சேர்ந்துடும்" என்று பயமுறுத்தும் கடைக்காரர், நாளை பொருள் கெட்டால் நம்மை அடையாளமே தெரியாது என்பார். அவர்கள் நம்பியிருப்பது நம் கூச்சத்தை.

கூகுள்பேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். நடக்கவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கடை கேரளத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆரியங்காவு தாண்டி அலைய வேண்டாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கே: தொல்லை தாங்காமல் கழற்றிவிட்டேன். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலே இருந்தது. வேறு எந்த பிராண்டு வாங்கலாம்? (கூடலூர்)

ப: எதுவும் வாங்காதீர்கள். அந்தச் சூட்டுக்காற்றில் எந்த பிராண்டும் அலறும். பழையதையே இடம் மாற்றி மாட்டுங்கள்.

கே: தோப்பு வீட்டுக்கு மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை சென்சார் வாங்கலாமா? மயில் தொல்லை அதிகம். (கோபாலபுரம், பொள்ளாச்சி)

ப: பிஐஆர் உணரும் சூடு, மைக்ரோவேவ் உணரும் அசைவு இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் அது அடிக்கும். வெயில், சூட்டுக்காற்றுத் தொல்லைக்கு நல்லது. மயிலுக்கு உடம்புச் சூடும் உண்டு, நடையும் உண்டு, அதனால் பயன்படாது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கிலும் ஒரே நேரத்தில் உருவம் தெரிந்தால்தான் அடிக்கும் வெளிப்புற வகையைக் கேளுங்கள். விலை கூடத்தான். தரையில் மேயும் மயில் கீழடுக்கோடு நின்றுவிடும். மதிலில் ஏறினால் அதற்கும் அடிக்கும்.