படைத்த காப்பரிசியைச் சாப்பிடலாமா?

கேள்வி: ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் படைத்த காப்பரிசியைப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தருகிறார். கிறிஸ்துவுக்குள் நமக்கு விடுதலை உண்டே என்று நான் வாங்கிச் சாப்பிடுகிறேன். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்த என் ஓரகத்தி முகம் சுளிக்கிறாள். யார் செய்வது சரி?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சகோதரி, இதையேதான் கொரிந்து சபையார் பவுலிடம் எழுதிக் கேட்டார்கள். அங்கே கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவுக்கும் வந்துவிடும். பவுல் இடம் பார்த்துப் பதில் சொல்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். விருந்துக்குக் கூப்பிட்டால் இலையில் வைத்ததைச் சாப்பிடலாம். "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டாலோ, சொன்னவருக்காக விட்டுவிட வேண்டும் (1 கொரிந்தியர் 10:25-28). படையலிலேயே பங்குகொள்வது வேறு. அதை 20, 21 வசனங்கள் அடியோடு தடுக்கின்றன.

உங்களுடையது மூன்றாவது வகை. அக்கா வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஆடி 18 அன்று வருகிற காப்பரிசி எது என்று தெருவுக்கே தெரியும். விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற உங்கள் அறிவில் பிழையில்லை. 8:4-ல் பவுலும் அதையே சொல்கிறார். கோளாறு அடுத்த படியில்தான். ஓரகத்திக்கு அது இன்னும் சாமிக்குப் படைத்ததாகவே தெரிகிறது. உங்களைப் பார்த்துத் துணிந்து அவரும் ஒரு வாய் போட்டுக்கொண்டால், உங்களுக்கு வெறும் அரிசியும் வெல்லமுமாக இருப்பது அவருக்கு மனச்சாட்சியை மீறிய செயலாகிவிடும். சந்தேகத்தோடு சாப்பிடுவது குற்றம் என்கிறது ரோமர் 14:23.

முந்தின நாளே, "படைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைங்கக்கா" என்று சொல்லிவிடுங்கள். வாங்கிவிட்டுக் குப்பையில் கொட்டாதீர்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு நீங்கள் போய் நிற்கப்போவதும் அதே வாசலில்தான். ஓரகத்திக்கும் ஒன்று: சாப்பிடுகிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்க அவருக்கும் உரிமையில்லை (ரோமர் 14:3).

கேள்வி: மேய்ப்பன் பின்னால் போகிற ஆட்டுக்கு விடுதலை ஏது? பட்டிக்குள் அடைபட்டதுதானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு வரும் கீதாரிகள் உங்கள் பக்கத்து வயல்களில் கிடை போடுவதை, அதாவது ஆடுகளை அடைத்து வைப்பதைப் பாருங்கள். அடைப்பு ராத்திரிக்கு மட்டும்; பகலெல்லாம் மேய்ச்சல். "உள்ளும் புறம்பும் சென்று, மேய்ச்சலைக் கண்டடைவான்" என்பதும் (யோவான் 10:9) இதுதான். அடைத்தே போட்டால் ஆடு மெலியும், காவலில்லாமல் விட்டால் நாய் குதறும்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் பக்கம் பின்னால் நின்று ஓட்டுவதையே அதிகம் பார்க்கிறோம். யோவான் 10:4-ல் மேய்ப்பன் முன்னே நடக்கிறான், சத்தம் தெரிந்து ஆடு பின்னால் வருகிறது. எவ்வளவு வேகமாக நடப்பது என்பதற்கு ஆதியாகமம் 33-ஐப் படியுங்கள். கறவலாடுகளை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும் என்கிறான் யாக்கோபு. மயிலாடுதுறை சகோதரியும் இதைப் படிக்கலாம். கூடவே போகலாம் என்று கூப்பிட்ட அவன் அண்ணன் ஏசா தன் 400 ஆட்களோடு அன்றைக்கே திரும்பிப் போய்விட்டான். யாக்கோபு குட்டிகளின் நடைக்கு நடந்தான்.