தடயவியல் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் மேற்படிப்பு ஆலோசனை கேட்க வந்தவர்களின் வரிசை நீண்டுவிட்டது. உங்களோடு ஐந்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை. “பெண்பிள்ளை பிணத்தோடு மல்லுக்கட்டும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், டீச்சர்” என்று நீங்கள் கண்கலங்கியது மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பிணப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். தடய இரசாயனவியலாளரின் மேசைக்கு வருவது முத்திரையிட்ட குப்பி. அதில் கொஞ்சம் இரத்தமோ சிறுநீரோ இருக்கும், இல்லையென்றால் பொட்டலம் கட்டிய தூள் வரும். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வதுதான் வேலை.

பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடித்ததாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. அதற்கு முன் லயங்களில் அது எத்தனை குடும்பங்களை அழவைத்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைக் குடித்தவரின் சிறுநீரில் காரத்தையும் டைதயோனைட் என்ற உப்பையும் சேர்த்தால் நீல நிறம் வரும். அவசரப் பிரிவு மருத்துவருக்கு அந்த நீலம் போதும். நீதிமன்றத்துக்குப் போதாது. வேறெதுவும் இல்லை, இதுதான் என்று அங்கே நிரூபித்தாக வேண்டும். இத்தனை அளவு என்றும் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள் என்னிடம் மூச்சுவிடாமல் விவரித்த எல்.சி.-எம்.எஸ். அதற்கானது. இரண்டு கருவிகளைச் சேர்த்துக் கட்டியது அது. முதலாவது, கலவையில் உள்ளவற்றைப் பிரிக்கும் திரவ குரோமட்டோகிராபி. விரல் நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய். அதற்குள் அரிசி மாவைவிட நுண்ணிய சிலிக்கா மணிகளை இறுக அடைத்திருப்பார்கள். கலவையை ஒரு திரவத்தோடு சேர்த்துப் பெரும் அழுத்தத்தில் தள்ளும்போது, மணிகளோடு ஒட்டும் பொருள் தாமதித்து வரும், ஒட்டாதது முந்திக்கொள்ளும். இரண்டாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வெளியே வந்த மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து எடை பார்க்கும். பிறகு அதை உடைத்து, துண்டுகளையும் எடை பார்க்கும்.

இந்த இரண்டையும் சேர்க்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஒன்றிலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்கிறது. மற்றதோ காற்றை அகற்றிய வெற்றிடத்தில்தான் இயங்கும். ஊசிமுனையில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்துத் திரவத்தை மென்தூறலாக்கி, நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி, மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளை மட்டும் உள்ளே இழுக்கிறார்கள். இந்த எலெக்ட்ரோஸ்பிரே முறையைப் பெரிய உயிர் மூலக்கூறுகளுக்கும் பயன்படச் செய்ததற்காக ஜான் ஃபென்னுக்கு 2002ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாயு குரோமட்டோகிராபி என்றால் பொருள் ஆவியாக வேண்டும். பாராகுவாட் உப்பு, ஆவியாகாது. அதற்குத் திரவ வழிதான் பொருத்தம்.

ஒரு கருவி போதாதா என்று மகளிடமும் கேட்டேன். அவள் போதைக்காகப் பயன்படுத்தப்படும் கெத்தும் (கிராட்டம்) மர இலையை எடுத்துக்காட்டினாள். அந்தப் பதில்தான் என்னை உட்காரவைத்து இவ்வளவு எழுத வைக்கிறது. கெத்துமில் உள்ள மித்ராகைனின் என்ற பொருள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 398. மின்னூட்டம் பெறும்போது ஒரு புரோட்டான் ஒட்டிக்கொள்வதால் கருவியில் 399இல் தெரியும், உடைத்தால் 174இல் ஒரு துண்டு விழும். ஆனால் அதே இலையில் ஸ்பெசியோகைனின், ஸ்பெசியோசிலியாட்டின் என்று இன்னும் சில உண்டு. அதே அணுக்கள், அதே எடை. அணுக்கள் திரும்பி நிற்கும் விதம் மட்டும் வேறு. எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். குழாயிலிருந்து எது எந்த நிமிடத்தில் வெளியே வந்தது என்பதே அவற்றைப் பிரித்துக் காட்டும். பதினேழு வயதில் இதைப் புரிந்துகொண்ட பிள்ளையைத் தடுக்காதீர்கள், அம்மா.

ஆனால் நீங்கள் கையோடு கொண்டுவந்த விளம்பரத் தாளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாலிக்கொடியை அடகு வைத்து அந்தத் தனியார் டிப்ளோமாவில் சேர்க்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவன் பெயரில் மட்டும் தடயவியல் உள்ள ஒரு படிப்பை முடித்தான். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட இந்தக் கருவியின் முன் உட்கார்ந்ததில்லை. 1975ஆம் ஆண்டு இரசாயனவியலாளர் சட்டப்படி, இங்கே இரசாயனவியலாளராகத் தொழில் செய்ய மலேசிய இரசாயனக் கழகத்தில் பதிவு வேண்டும். ஆகவே எந்தக் கல்லூரி அழைத்தாலும் முதல் கேள்வி: உங்கள் பட்டத்தைக் கழகம் ஏற்கிறதா? இரண்டாவது: மாணவர்கள் தொட்டு இயக்க ஆய்வகத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

பல்கலைக்கழகத்துக்கு முன் ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ எதைப் படித்தாலும், இரசாயனமும் கணிதமும் அவளிடம் இருக்கட்டும். செலவு குறைவு, கதவுகள் அதிகம். பிறகு கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலோ, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலோ தடயவியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் அவளுடைய அக்காவாக இருந்தால், அதற்கு ஈடாகப் பகுப்பாய்வு இரசாயனத்தில் அழுத்தமான பட்டத்தையும் பட்டியலில் வைப்பேன். அரசாங்கத் தடய ஆய்வகங்களில் இடம் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காலத்தில் உணவு, மருந்து, பூச்சிக்கொல்லி எச்சம், பாமாயில் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களில் இதே வகைக் கருவியோடு வேலை செய்து சம்பாதிக்கலாம். அந்த அனுபவம் வீண்போகாது.

நம்மவர்களுக்கு அங்கே இடமுண்டா என்று தயங்கினீர்கள். 2017 பிப்ரவரியில் கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் மாற்றாந்தாய்வழி அண்ணனான கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டபோது, விஎக்ஸ் என்ற நச்சைக் கண்டறிந்தது நமது மலேசிய இரசாயனத் துறை. ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் அதைப் பற்றிச் சாட்சியம் அளித்த அரசாங்க இரசாயனவியலாளரின் பெயர் ராஜா சுப்பிரமணியம்.

அடுத்த ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நான் மண்டபத்தில் இருப்பேன். மகளையும் அவளுடைய அப்பாவையும் அழைத்து வாருங்கள். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுத் தாளோடு, அவளுடைய இரசாயனச் செய்முறை நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். சோதனை தவறாகப் போன நாளில் அவள் என்ன எழுதிவைத்தாள் என்று நான் பார்க்க வேண்டும்.