சிற்பியின் கையெழுத்தா, எழுதியவரின் கையெழுத்தா? முதல் பதிப்பு வாங்குவோருக்கான கேள்வி பதில்

சிற்பிகளின் வாழ்க்கை வரலாறுகளில், கையெழுத்தோடு கிடைக்கும் முதல் பதிப்புகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, ஹென்றி மூரின் வாழ்க்கை வரலாறு, ஃபேபர் வெளியீடு, 1987 முதல் பதிப்பு. மூரே கையெழுத்துப் போட்டது என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மூர் காலமானது 1986 ஆகஸ்ட் 31. மறு வருடம் வந்த புத்தகத்தில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்? வேறு தாளில் போட்டதை வெட்டி ஒட்டியிருந்தால், அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். விலையும் இறங்க வேண்டும். ஒட்டாமல் புத்தகப் பக்கத்திலேயே நேராக மை இருந்தால் அது போலிதான்.

சிற்பி மறைந்த ஆண்டு, நூல் அச்சான ஆண்டு இரண்டையும் எப்போதும் முதலில் பாருங்கள். சிற்பிகள் மறைந்த ஆண்டுகள் இவை: ரோடான் 1917, ஜாக்கோமெட்டி 1966, ஹெப்வொர்த் 1975, கால்டர் 1976, நொகுச்சி 1988. விரிவான வரலாறுகள் பலவும் சிற்பி போன பிறகு வந்தவை. சிற்பியின் கையெழுத்தேதான் வேண்டும் என்றால் தன்வரலாறுகளைத் தேடுங்கள். கால்டருடையது 1966இல் வந்தது, நொகுச்சியுடையது 1968, ஹெப்வொர்த்துடையது 1970. மூவரும் அப்போது இருந்தார்கள்.

அப்படியானால் எழுதியவர் கையெழுத்துக்கு மதிப்பு இல்லையா சார்?

நிச்சயம் உண்டு. பழைய கடிதங்களைப் படித்து, பட்டறை ஆட்களைத் தேடிப் பேசி, ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திரட்டித் தந்தவர் அவர். அதிலும், வார்ப்பாலைக்காரருக்கோ மாடலாக நின்றவருக்கோ பெயர் எழுதிக் கொடுத்த பிரதி என்றால் கைநழுவ விடாதீர்கள். புத்தகத்தின் கதையில் வரும் ஒருவரின் கையிலேயே அந்தப் பிரதி இருந்திருக்கிறது! யாரென்றே தெரியாத ஒருவர் பெயருக்கு எழுதியிருந்தால் வெறும் கையெழுத்தைவிட விலை சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

காப்புரிமைப் பக்கத்தில் 'முதல் பதிப்பு' என்று இருக்கிறது. ஆனால் கீழே, எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசை 2இல் தொடங்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதிப்பகம் ரேண்டம் ஹவுஸ் என்றால் கவலையே வேண்டாம். அவர்கள் வெகுகாலம் முதல் அச்சிலேயே எண்ணை 2இல் தொடங்கி, கூடவே 'முதல் பதிப்பு' என்று போட்டார்கள். அடுத்த அச்சில் அந்தச் சொற்களை எடுத்துவிடுவார்கள். எண் வரிசை போடும் மற்ற பதிப்பகங்களில் பொதுவாக 1 இல்லையென்றால் பிந்தைய அச்சு.

பின்னட்டையின் கீழ் மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள். மையில்லாமல் அழுத்திய சிறு பள்ளம் இருந்து, மேலுறையில் விலையும் இல்லையென்றால் அது பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு, அதாவது கழக உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டது.

கையெழுத்து அச்சடித்ததா, கையால் போட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அச்சு என்றால் பெரும்பாலும் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும், அல்லது தட்டையாக ஒரே கருமையில் நிற்கும். கையால் போட்டதில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். வேகமாக இழுத்த இடம் மெலிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பால்பாயிண்ட் பதிந்த பள்ளம் தெரியும்.

ஒருவரின் கையெழுத்தை அப்படியே திரும்பத் திரும்பப் போடும் இயந்திரப் பேனாதான் (ஆட்டோபென்) சிக்கல். அதுவும் நிஜ மைதான். கோடு முழுக்க ஒரே தடிமனாக இருக்கும். அதே ஆளின் இன்னொரு கையெழுத்தோடு அச்சு அசலாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி போடாது.

சான்றிதழ் கொடுக்கிறார்களே, போதாதா?

கொடுத்தவர் யார், தவறானால் பணம் திருப்பித் தருவாரா என்பதைப் பொறுத்தது. வெறும் தாளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

மேலுறை ஓரம் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டட்டுமா, லேமினேட் பண்ணட்டுமா?

தயவுசெய்து இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளாகி ஊறும். லேமினேஷனைத் திரும்ப எடுக்கவே முடியாது. ஒட்டாத பாலியெஸ்டர் உறை ஒன்று போடுங்கள். பிவிசி உறை கூடாது.

புகைப்படப் பக்கங்கள் நனைந்துவிட்டன. என்ன செய்வது?

உடனே கவனிக்க வேண்டியது இதுதான். சிற்ப நூல்களின் படங்கள் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் இருக்கும். அதன் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கங்களைச் சேர்த்து ஒட்டிவிடும். ஒட்டியபின் பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரம் காயும் முன்பே பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். உடனே முடியாவிட்டால் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள்.